நாணயத்தில் இருந்ததைச் சொன்ன மங்கையர்க்கரசி

விருதுநகரிலிருந்து சிவகாசிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் கயல் அழைத்தாள். "சித்தி, அம்மா போயிட்டாக." முந்தின நாள் மாலைகூட என்னோடு பேசிச் சிரித்தவர் மங்கையர்க்கரசி அக்கா. காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

திருத்தங்கலில் இறங்கி அவர் வீட்டுத் தெருவுக்குப் போனேன். உடல் வந்து சேர்வதற்கு முன்பே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறியிருந்தது. தெருவுக்கு ஓர் அச்சகம் இருக்கும் ஊரில் அது ஆச்சரியமில்லை. "எங்கள் மண்ணின் வரலாற்று ஒளியே!" என்று பெரிய எழுத்து. அதன் கீழே கைகூப்பி நிற்கும் சிலரின் படங்கள். அக்காவை மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒரு காலத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்து கத்தியவர்கள் அவர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் நடந்ததை அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்காவும் நானும் ஒரே கல்லூரியில், ஒரே வரலாற்றுத் துறையில் வேலை பார்த்தோம். பழங்கால நாணயங்கள் என்றால் அவருக்கு உயிர். அதிலும் குஷாணர் நாணயம் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணியடித்தாலும் நிறுத்த மாட்டார். அதில் ஒரு தேவி இருப்பாள். பெயர் அர்தோக்ஷோ. ஈரானியப் பெயர், அதைப் பொறித்திருப்பது கிரேக்க எழுத்தில். கனியும் தானியமும் வழியும் கொம்பு ஒன்றைக் கையில் ஏந்தியிருப்பாள். அதுவும் கிரேக்கர்களின் செல்வ தேவதையிடமிருந்து வந்தது. பின்னால் வந்த குப்தர்கள் அதே தேவியைத் தங்கள் பொற்காசில் அமர்த்தினார்கள். காலப்போக்கில் அரியணை தாமரை ஆனது, கொம்பு இருந்த கையில் தாமரைப்பூ வந்தது. அவளே நம் திருமகளாக அமர்ந்துவிட்டாள்.

இதைப் பாடமாகச் சொல்ல அக்கா ஒரு வழி வைத்திருந்தார். வீட்டில் மாட்டியிருக்கும் லட்சுமி காலண்டரை மாணவிகளையே கொண்டுவரச் சொல்வார். அதன் பக்கத்தில் நாணயத்தின் படத்தை வைத்து, "இப்பப் பாருங்க" என்பார். எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் கொம்பை உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், புஸ்வாணத்தைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான். "இனிமே எந்தப் பரீட்சைலயும் இந்தக் கொம்பை மறக்க மாட்டீக" என்றார்.

அந்த நாணயங்களை வைத்து ஒரு காலண்டர் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிவகாசியில் ஓர் அச்சக முதலாளி ஒத்துக்கொண்டார். தாள்கள் அச்சாகியும் விட்டன. 'பல நாட்டார் வணங்கிய திருமகள்' என்று ஒரு தாளில் அக்கா எழுதியிருந்த வரி யார் கண்ணிலோ பட்டது. ஒரு கூட்டம் கிளம்பிக் கல்லூரிக்கு வந்தது. நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

"எங்க மகாலட்சுமிய வெளிநாட்டுக்காரினு போட்டிருக்கீகளாமே?"

"அப்படிப் போடல அண்ணாச்சி. நம்ம சாமிய அம்புட்டு தேசத்துக்காரவுகளும் கும்பிட்டிருக்காகன்னுதான் போட்டிருக்கேன். இது நமக்குப் பெருமைதானே? படத்தைப் பாருங்க."

"படமெல்லாம் பாக்க வேண்டியதில்ல. எங்க மனசு புண்பட்டிருக்கு. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க."

கடைசி வரை ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

கல்லூரி முதல்வர் அக்காவைத் தனியாக அழைத்து, ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்றார். "தப்பாச் சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேன். காசுல இருக்கதைச் சொன்னதுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டுவிட்டு அக்கா வகுப்புக்குப் போய்விட்டார். அச்சக முதலாளியோ, "சீசன் நேரம் டீச்சர். அவுககிட்ட இருந்துதான் பாதி ஆர்டர் வருது. வருத்தப்படாதீக" என்று கையைப் பிசைந்தார். அச்சடித்த தாள்களைக் கழிவுக் காகிதமாகப் போட்டுவிட்டார்.

அவை எங்கே போயின என்பது சில வாரங்களில் தெரிந்தது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றும் வீட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, ஒரு குழாயை அக்காவின் மேசைமேல் வைத்தாள். அதில் தேவியின் பாதி முகம் தெரிந்தது. அக்கா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லட்சுமி வெடின்னு பேர் வச்சு, அவ படத்தையும் ஒட்டி, திரியில தீய வைக்கிறோம். தெருவெல்லாம் சிதறிக் கெடக்கா. மறுநாள் மிதிச்சுக்கிட்டுப் போறோம். அப்பெல்லாம் புண்படாத மனசு, பாடம் சொன்னா மட்டும் புண்படுதோ?" என்றார். குரல் உயரவே இல்லை.

அந்தப் பருவத்தோடு பழங்கால இந்திய வரலாறு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. என்னிடம் கொடுத்தார்கள். மறுக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "கோட்டி மாதிரிப் பேசாத. நீ எடுக்கலன்னா அந்தக் காசைப் பத்திப் பேசாதவுக யாராச்சும் வருவாக. நீயே எடு" என்றார். கடந்த ஆண்டு ஓய்வுபெறும் வரை அந்தப் பாடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. பிரிவு உபசாரத்தில் சால்வை போர்த்தியவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சென்ற வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. மேடை ஏறும் முன் முதல்வர் என் காதருகே வந்து, "அந்தக் காலண்டர் விஷயம் வேண்டாமே மேடம். நல்லதை மட்டும் பேசுவோம்" என்றார். அக்கா செய்த நல்லதே அதுதான் என்று மேடையில் தொடங்கினேன். வந்து கத்தியது, தாள்களைக் கழிவாக்கியது, பாடத்தைப் பறித்தது என எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய மாணவிகள் எழுந்து நின்றார்கள். நான் பேசி முடிக்கும் வரை உட்காரவில்லை. கயல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்காவின் நாணயப் படங்களெல்லாம் அவளிடம் இருக்கின்றன. அவை அவளுக்கு உரியவை. நான் வைத்துக்கொள்வது அக்காவின் கோபத்தை. யாரையும் ஏசாத, யாருக்கும் தலைகுனியாத, மறுநாளும் சரியான நேரத்துக்கு வகுப்புக்குப் போன கோபம் அது. திங்கட்கிழமையின் முதல் மணிநேரம் எனக்குப் பழங்கால இந்தியா. அர்தோக்ஷோவில்தான் தொடங்கப் போகிறேன். கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.