கருவாட்டுக்காரர் சிமிலோஸின் அவசரம்

சபை கூடும் நாளில் சிமிலோஸ் கருவாட்டுக் கடையைத் திறப்பதில்லை. கிழக்கு வெளுக்கும் முன்பே ஒரு வெங்காயத்தையும் காய்ந்த ரொட்டியையும் மடியில் கட்டிக்கொண்டு குன்றேறி, பேச்சாளர் மேடைக்கு நேரெதிரே உட்கார்ந்துவிடுவார். சந்தையில் அரட்டையடிப்பவர்களைக் காவலர்கள் சிவப்புச் சாயக் கயிற்றால் வளைத்து ஓட்டிவருவதைப் பார்ப்பதில் அவருக்குத் தனி இன்பம். "பாருங்கய்யா ஆதென்ஸ்காரனை! ஊரை ஆள வாடான்னா ஆடு புடிக்கிற மாதிரி புடிச்சுட்டு வரவேண்டியிருக்கு!" என்பார். சாயம் பட்டவனுக்கு அபராதம் உண்டு; அவருடைய மேலங்கியில் அது ஒருநாளும் பட்டதில்லை.

பக்கத்துக் கடையில் விளக்கு விற்கிறவன் நான். என்னிடம் வாங்கிய விளக்கை வீட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன மீனா எரியுது?" என்று கேட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. சிமிலோஸ் குட்டையான மனிதர். விரல்களெல்லாம் உப்பில் வெடித்திருக்கும். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் நெத்திலியை அத்தியிலையில் மடித்து நீட்டிவிடுவார். "நான் சூரை மீன் வாங்கல்லவா வந்தேன்" என்றால், "முன்னாடியே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று எரிந்து விழுவார்.

சபையில் கை தூக்குவதிலும் இதே அவசரம்தான். சிசிலித் தீவுக்குப் படை அனுப்பலாமா என்று கேட்ட அன்று, கேட்டவர் முடிப்பதற்குள் தூக்கிவிட்டார். அந்தப் படையில் அவருடைய ஒரே மகன் லிசனியாஸும் போனான். படை மொத்தமும் அழிந்தது. அகப்பட்டவர்களை எதிரிகள் கல் வெட்டும் குழிகளில் தள்ளி, ஒரு பிடி தானியமும் ஒரு வாய்த் தண்ணீரும் கொடுத்து வெயிலில் காயவிட்டார்கள்.

சேதி வந்த பிறகு ஊரில் கை தூக்கிய ஒருவனையும் காணோம். பேச்சாளன் ஏமாற்றினான், குறி சொன்னவன் கெடுத்தான் என்று ஆளாளுக்கு ஒரு கதை. தான் கையே தூக்கவில்லை என்று நாவிதன் நிகோன் தெருவில் நின்று சத்தியமே செய்தான். சிமிலோஸ் விடவில்லை. "எம் பக்கத்துல உக்காந்து ரெண்டு கையையும் தூக்கினவன் நீதானேடா? நான் தூக்கினேன். எம் புள்ளைய நான்தான் அனுப்பினேன். அதைச் சொல்ல ஏன்டா உனக்கு நாக்கு வரல?" என்று கத்தினார். அன்று முதல் தெருவில் பாதிப்பேர் அவரிடம் கருவாடு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். உண்மை பேசுகிறவனைவிடக் கருவாட்டு நாற்றத்தைச் சகித்துக்கொள்வது எங்களுக்குச் சுலபம்.

பாறைமேல் பளிங்கில் கோயில் கட்டினோம். தோற்ற எதிரியின் தாய்க்காகவும் நாடகம் போட்டு அழுதோம். ராஜா இல்லாமலே ஊரை நடத்தக் கற்றோம். அத்தனை அறிவும் ஒன்றாகக் கூடி உட்கார்ந்துதான் பிள்ளைகளை அந்தக் குழிக்கு அனுப்பியது.

குழியிலிருந்து தப்பி வந்த ஒருவன், லிசனியாஸ் பிணங்களோடு பிணமாகக் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். அன்றைக்கே சிமிலோஸ் காரியத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மனைவி ஹெடிலே காலைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணால பாக்காம செய்யாதீங்க. நாலு நாள் பொறுங்க."

"வச்சுக்கிட்டே இருந்தா வந்துருவானாடி? ஆவியா அலையட்டுங்கிறியா?" என்று கேட்டுவிட்டுத் தலையை மழித்துக்கொண்டார். வெறும் பாடை போயிற்று. நாங்களும் பின்னாலேயே போய்ச் சாவுச் சாப்பாடு சாப்பிட்டு வந்தோம்.

இந்தக் கோடையில் லிசனியாஸ் உயிரோடு வந்து வாசலில் நின்றான். நெற்றியில் அடிமைக்குப் போடும் குதிரை முத்திரைச் சூடு.

"அப்பா, உள்ள வரட்டுமா?"

"அங்கயே நில்லுடா! படி மிதிக்காதே!" என்று அலறினார் சிமிலோஸ்.

"குழியிலயும் இதையேதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவன் தெருவிலேயே உட்கார்ந்தான்.

எங்களிடம் அப்படித்தான் வழக்கம். காரியம் முடிந்தவன் திரும்பி வந்தாலும் செத்தவன் செத்தவன்தான். வீட்டுப் படி ஏறக்கூடாது, கோயிலில் நுழையக்கூடாது, யாரும் தொடக்கூடாது. அவன் மறுபடி பிறந்தாக வேண்டும். பெண்கள் குளிப்பாட்டித் துணி சுற்றி முலை கொடுக்க வேண்டும். பிறகு தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு, பச்சைப் பிள்ளையை ஏந்திச் சுற்றுவதுபோல அடுப்பைச் சுற்றிவர வேண்டும். அதற்கும் பூசாரி நாள் பார்த்து, அமாவாசை கழியட்டும் என்றுவிட்டார். அதுவரை லிசனியாஸ் கருவாட்டுக் கொட்டகையில் கிடந்தான். சோற்றை ஒரு கழியால் தள்ளிவிட்டார்கள். "கொல்றதுக்கெல்லாம் நாள் பாக்கல. பொறக்கறதுக்கு மட்டும் ஏன்யா பாக்கணும்?" என்று சிமிலோஸ் பூசாரி வீட்டு வாசலில் நின்று கத்தினார். கதவு திறக்கவில்லை.

முந்தாநாள் அது நடந்தது. வேடிக்கை பார்க்கத் தெருவே வாசலில் கூடியிருந்தது. உள்ளே பெண்கள் அவனைக் குளிப்பாட்டிக் கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றினார்கள். நரைத்த ஹெடிலே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாராப்பை விலக்கி அவன் முகத்தை மார்போடு அணைத்தாள். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

சிமிலோஸ் முன்னே வந்தார். நிகோன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "அண்ணே, பொறக்கும்போதே தாடியோட பொறந்திருக்கான்! இடுப்பு புடிச்சுக்கப்போகுது, தூக்க நாலு பேரைக் கூப்பிடட்டுமா?" கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

சிமிலோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. காலை அகட்டி, பல்லைக் கடித்து, வளர்ந்த ஆண்பிள்ளையைத் தூக்கும் பலத்தையெல்லாம் திரட்டி ஒரே எம்பாக எம்பித் தூக்கினார். மகனிடம் அத்தனை கனம் இல்லை. தூக்கிய வேகத்தில் பின்னால் தள்ளாடிப்போய்ச் சுவரில் மோதி நின்றார். சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது.

சுவரில் சாய்ந்தபடியே மகனைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கையை மெதுவாக நகர்த்தி, தலை நிற்காத குழந்தைக்குக் கொடுப்பதுபோல, அவன் பிடரிக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.