மருவுக்கு வந்த ஐஸ்

இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் அக்காவை இன்று மாத்தளை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கட்டைவிரலில் மரு. கிள்ளும்போதெல்லாம் ரத்தம்.

கொழும்பிலிருந்து ரயிலில் ஒருவகை ஐஸ் வருகிறது. வைத்தால் மரு உதிர்ந்துவிடுமாம். அது உருகாது, புகையாகவே போய்விடும்.

முதலில் வந்தது நாங்கள். உள்ளே போனது, கன்னத்து மச்சத்தோடு பிறகு வந்த துரைசாணி.

மச்சத்துக்கு ஐஸ் வைத்து முடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் தேநீர் கொடுத்தார், பேசினார்கள். ஐஸ் பெட்டி திறந்தே கிடந்தது.

எங்கள் முறை வந்தபோது கம்பவுண்டர் வெறும் பெட்டியைக் காட்டினார்.

"எல்லாம் புகையாப் போயிருச்சு. அடுத்த மாசம் வாங்க."

"அதுவரைக்கும் கிள்ளாம இருக்க கங்காணி விடுவாருங்களா?" என்றாள் அக்கா.

துரைசாணி தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். கசக்கிறதாம். எங்கள் தோட்டத்துத் தூள்தான்.

ரத்தம் கசக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.