மட்கார்டில் ஒட்டிய காகிதம்

திருநெல்வேலியிலிருந்து ஒற்றை வேட்டியோடு வந்து, திருவனந்தபுரம் ஆரியசாலையில் வாடகை சைக்கிள் கடையும் மாடி வீடும் உண்டாக்கியவன் நான். படிப்பு மூன்றாம் கிளாஸ்தான்.

இதய நோயாளிகளுக்கு நிதி திரட்ட சைக்கிள் பயணம் நடத்துகிறோம் என்று அந்த விழாவின் செயலாளர் சைக்கிள் கேட்டு வந்தார். சொந்த ஊர்க்காரர்தானே என்று நம்பி, கடையிலிருந்த சைக்கிள்களையெல்லாம் கழற்றி மாட்டி, எண்ணெய் விட்டு, வாடகையில்லாமல் கொடுத்தேன்.

பயணம் புறப்படும் பழவங்காடிக்கு வழியனுப்பப் போனால், மட்கார்டுகளில் என் கடைப் பெயரை மறைத்து ஒரு ஜவுளிக்கடைக் காகிதம் ஒட்டியிருந்தது.

"என்னவே இது?" என்றேன்.

"ஹார்ட்டு சீக்காளிகளுக்கான புண்ணிய காரியமாக்கும், அண்ணாச்சி. பேருக்கா செய்யுதீங்க?" என்று சிரித்தார் செயலாளர்.

"பேரு வேண்டாம்னா ஜவுளிக்கடைப் பேரு எதுக்குவே?"

அதற்குள் அவர் மாலை வாங்க மேடையேறிவிட்டார்.

இப்போது என் சைக்கிள்களில் பெயரைப் பெயின்டால் எழுதுவதில்லை, இரும்பிலேயே வெட்டிவிடுகிறேன். அன்று ஓடியவை ஆரியசாலை மாடசாமியின் சைக்கிள்கள் என்று பத்திரிகைக்காரர் நீங்களாவது அச்சில் போடுங்கள்.