பேசுவதும் கதைப்பதும்

எங்கள் பக்கத்தில் ஆட்கள் பேசுவதில்லை, கதைப்பார்கள். பேசுவதென்றால் இரண்டே சங்கதிதான். ஒன்று ஏசுவது, மற்றது கலியாணம் பேசுவது. இரண்டுக்கும் தொண்டை ஒரே அளவில் திறப்பதால் ஒரு சொல்லே போதுமென்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயல் வட்டைகளுக்கு நடுவே கிடந்த எங்கள் ஊர்த் தபாற்கந்தோருக்கு டெலிபோன் வரும்வரை இதனால் ஒருவருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் ஐயா வெளியூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் தமிழில் பற்று மிஞ்சியவர். கருவி வந்த அன்றே அதன் உறுப்புகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் எழுதி ஒரு மட்டையைச் சுவரில் தொங்கவிட்டார். சுற்றுகிற கைப்பிடி 'கிளர்த்தி'. தூக்கிக் காதில் வைப்பது 'வாங்கி'. கொழும்புக்குப் போகும் லைன் 'நெடுவழி'. கம்பிக்குள் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகுமாம், அதற்குப் பெயர் 'தொடர்முறைச் செலுத்துகை'. முழுப் பெட்டிக்கும் பெயர் தொலைபேசி.

"தூரத்திலயிருந்து பேசுறத்துக்கு ஒரு பெட்டியா?" என்று கேட்டாள் பக்கத்து வளவுக் கிழவி. "என்ட மருமகள் கிட்ட நிண்டே நல்லாத்தானே பேசுறாள்!"

"அம்மா, பேசுதல் என்றால் ஏசுதல் அல்ல" என்றார் ஐயா.

"மறுகா என்ன, கலியாணமா?"

ஐயா மட்டையின் அடியில் சிவப்பு மையால் இன்னொரு வரி சேர்த்தார்: 'இங்கே கதைத்தல் கூடாது. பேசுதல் வேண்டும்.' அன்றிலிருந்து தபாற்கந்தோருக்குள் சனம் வாய் திறக்கவே பயந்தது.

அந்த நாட்களில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் ஒருமுறை கண்டிருந்தேன். ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி சனத்துக்குள் தேடிக்கொண்டு நின்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான், அதைத் தர அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் எங்கள் வயலையும் கேட்டார். அது தங்கச்சிக்கென்று அம்மா வைத்திருந்த வயல். தகப்பனுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. வயல் தர ஏலாது, இதற்குச் சம்மதமா இல்லையா என்று டெலிபோனில் ஒரே பிடியாகக் கேட்டுவிடுவதென்று என் தாய்மாமன் முடிவெடுத்தார்.

குறித்த நாளில் பாதி ஊர் தபாற்கந்தோரில் நின்றது. சனம் இருக்கப் போட்டிருந்த நீட்டுப் பலகை வாங்கில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். மணி அடித்தது.

"வாங்கியைத் தூக்குங்கள்!" என்றார் ஐயா.

மாமா பதற்றத்தில் பாய்ந்து வந்து வாங்கின் ஒரு தலைப்பைத் தூக்கினார். அம்மா மறுதலைப்பால் வழுக்கித் தரையில் இருந்தாள்.

"என்ன அண்ணன், என்னையும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பப் போறியா?"

ஒருவழியாக வாங்கி மாமாவின் காதுக்கு வந்தது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும் என்பதை அவர் மறக்கவில்லை. ஒடுங்கிய வயல் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டில் வந்தால் என்ன ஆகுமென்று தெரிந்தவர். ஆகவே ஒரு சொல்லைக் கத்துவார், அது கொழும்பு போய்ச் சேரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார், பிறகுதான் அடுத்ததை விடுவார்.

"அண்ணன்!"

காத்திருந்தார்.

"வயல்!"

காத்திருந்தார்.

"தர ஏலா!"

அதற்குப் பிறகு மறுபக்கத்தில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லையாம். மாமாவின் முகம் இருண்டது. ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். நெடுவழிக்கு நேரம் முடிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, மாமாவின் வாயருகே இருந்த கருவிக்குக் கிட்ட வாயை வைத்து, முறையான தமிழில் உரக்கக் கேட்டார்: "பேசி முடிந்ததா?"

"ஓம் ஐயா, முடிஞ்சுது" என்றார் மாமா வெறுப்போடு. கம்பி ஓய்ந்தது.

"வயல் இல்லையெண்டதும் மனிசன் வாயை மூடிற்றார். சரிவராது, விட்டுட்டன்" என்றார் அம்மாவிடம். அன்று நான் வெட்டிய மீனில் செதிள் அப்படியே கிடந்ததென்று அம்மா என்னைப் பேசினாள். பேசட்டும் என்றிருந்தேன். அழுவதற்கு அது ஒரு சாட்டாக இருந்தது.

அடுத்த கிழமை, பலகாரத் தட்டுகளோடு வாவி கடந்து தோணியில் வந்து இறங்கினார் மாப்பிள்ளையின் தகப்பன். பின்னால் நாலைந்து சொந்தக்காரர். "என்ன அண்ணன் இது, தட்டெல்லாம்?" என்றார் மாமா.

"நீங்கதானே தம்பி சொன்ன, பேசி முடிஞ்சுதெண்டு? ஐயா கேட்டவர், நீங்க ஓமெண்ட. நான் சொந்தத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டன்!"

"அது டெலிபோன் கதை, அண்ணன்!"

"கதையெண்டா கதைச்சு முடிஞ்சுதா எண்டெல்லோ கேட்டிருப்பார்?"

"வயல் தர ஏலா எண்டனே?"

"வயலெண்டது கேட்டிச்சு. மறுகா ஒரே இரைச்சல். அது ஓய, ஐயாட குரல்தான் கேட்டிச்சு."

மாமா ஓடிப்போய் போஸ்ட்மாஸ்டர் ஐயாவைக் கூட்டி வந்தார். "ஐயா, நீங்க கேட்டது கதைச்சு முடிஞ்சுதா எண்டுதானே? அப்பிடியெண்டு ஒருக்காச் சொல்லுங்க."

எல்லோரும் ஐயாவின் வாயைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். ஓமென்று அவர் தலையசைத்தால் என் கலியாணம் போயிற்று. தலையசைக்காவிட்டால் மாமா பொய்க்காரர். ஆனால் ஐயாவுக்கு என் கலியாணமும் மாமாவின் மானமும் கண்ணில் படவில்லை, அந்தச் சிவப்பு மை வரி மட்டும்தான் பட்டது.

"கதைத்தல் என்ற சொல்லை நான் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "பேசி முடிந்ததா என்றுதான் கேட்டேன். பேசி முடிந்தது. அதுவே சரியான சொல்."

அதற்கு மேல் யார் என்ன செய்வது? ஊருக்கெல்லாம் சொன்ன கலியாணத்தை வயலுக்காக முறிக்கத் தகப்பனுக்கும் வெட்கம். "வயல் கிடக்கட்டும், தட்டை வாங்குங்க" என்றார். இந்தமுறை மாமா சரியானதைத்தான் வாங்கினார்.

வயலைத் தங்கச்சி செய்தாள். தபாற்கந்தோரில் அந்த மட்டை கறையான் தின்னும்வரை தொங்கியது. வீட்டில் இவர் என்னைப் பேசத் தொடங்கினால் நான் எதிர்த்து வாய் காட்டுவதில்லை, அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்வரை காத்திருப்பேன். பிறகு மெல்லக் கேட்பேன்: "பேசி முடிஞ்சுதா?"

இவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.