ஏழு முழத்தில் அடைப்பு

தன் வீட்டு ஓவைப் பற்றிப் பகவதியம்மாளுக்குத் தெரிந்த அளவுக்கு, பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூடச் சில தாய்மாருக்குத் தெரியாது. அடுக்களை மூலையில் கழுவுகிற தண்ணீர் இறங்கும் துளைதான் ஓவு. அதிலிருந்து புறப்படும் சுட்ட மண்குழாய் நடுச்சுவருக்கு அடியில் நுழைந்து, பக்கத்து வீட்டுக் கழுவுமிடத்தில் ஒரு மூடுகல்லுக்கு அடியில் ஓடி, தெருவோடையில் போய் விழும். பக்கத்து வீடு வேறு யாருடையதும் அல்ல, தங்கை தாணம்மாளுடையது.

வடசேரியில் அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை இருவருக்கும் பாகம் பிரித்தபோது, கிணற்றைப் பற்றி ஆதாரப் பத்திரத்தில் எழுதினார்கள். மாமரத்தைப் பற்றி எழுதினார்கள். ஓவு எப்படி என்று ஆதாரம் எழுதுகிறவர் கேட்டார். "அக்காளுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல ஓவுக்கு என்னத்துக்கு எழுத்து?" என்று சிரித்தவள் பகவதியம்மாள்தான்.

பாவம், அவள் வேறு என்ன சொல்வாள்? தாய் செத்தபோது தாணம்மாளுக்கு நாலு வயது. தலை பின்னி, சோறு ஊட்டி, கட்டிக்கொடுத்து, பேறுகாலமும் பார்த்தவள் அக்காள். தனக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் முப்பது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்காக மூலையில் முடங்குகிறவளா? தினம் எட்டு நாழி அரிசி ஊறப்போட்டு, ஆட்டி, சந்தைப் பக்கத்துக் காப்பிக்கடைகளுக்கு ஆப்பமாவு கொடுத்தாள். யார் கையையும் எதிர்பாராத சாப்பாடு.

ஐம்பத்துநாலாம் வருஷம் சித்திரையில் ஓவு அடைத்தது. வடசேரிப் பக்கமெல்லாம் மலையாள ராஜ்யத்தோடு இருப்பதா, தமிழோடு சேர்வதா என்று காப்பிக்கடைகளில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த நேரம். பகவதியம்மாளுக்கு அதற்கெல்லாம் காது இல்லை. அரிசி களைந்த தண்ணீர் அடுக்களையில் கணுக்கால் அளவு நின்றது.

முதலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். அசையவில்லை. சாம்பலைக் கரைத்து ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிட்டாள். அதற்கும் அசையவில்லை. பிறகு கமுகுமரத்தைக் கீறி எடுத்த மெல்லிய நீள வாரியில் முழத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்து உள்ளே செலுத்தினாள். ஏழு முழமும் நாலு விரலும் போய் முட்டி நின்றது. குத்தினாள், திருகினாள். வாரிதான் முறிந்தது.

"அரிசிமாவு பசையாட்டு ஒட்டியிருக்கும். ஆப்பமாவுக்காரி வீட்டு ஓவு அடைக்காம என்ன செய்யும்?" என்றான் தாணம்மாளின் புருஷன் கிருஷ்ணமணி. ஊரும் அதையே சொன்னது. தன் பிழைப்புதான் தன் வீட்டைக் கெடுக்கிறது என்று அவளும் நம்பினாள். நடுச்சுவர் மண்சுவர், ஈரம் ஏறி அடிப்பூச்சு பொத்துப் பொத்தென்று விழுந்தது. தண்ணீரைக் குடம் குடமாகத் தெருவுக்குச் சுமந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஆடி பிறந்ததும் ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட்டாள்.

இத்தனை மாதமும் காலை தவறாமல் கருப்பட்டிக் காப்பியோடு வந்து நின்றாள் தாணம்மாள்.

"எனக்க பக்கத்து மூடுகல்லத் தூக்கிப் பாத்தேங்கா. அங்க ஒண்ணும் இல்ல. இந்த ஈரத்துல கெடந்து சாவாத. ஒனக்க பாகத்த எங்க பேருக்கு எழுதித் தந்துட்டு எங்ககூட வந்து இரு. ஒனக்கு ஒரு வாய் சோறு போடமாட்டனா?"

வளர்த்த கடனைத் தங்கை மறக்கவில்லை என்று பகவதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புதன்கிழமை ஆதாரம் எழுதுவதென்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய ஞாயிறு, ஆவணி ஞாயிறு. நாகருக்குப் பால் ஊற்ற தாணம்மாள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தாள். பகவதியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கொடுப்பது கொடுக்கிறோம், தங்கைக்கு அடைத்த ஓவையா கொடுப்பது? கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று புது வாரி ஒன்றைச் செலுத்தினாள்.

ஏழு முழம், நாலு விரல்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மாவு அடைப்பு என்றால் இத்தனை வெந்நீருக்கும் குத்துக்கும் ஒரு விரலாவது இளகியிருக்க வேண்டும், இல்லை ஒரு விரலாவது வளர்ந்திருக்க வேண்டும். சித்திரையிலும் அதே அளவு, ஆவணியிலும் அதே அளவென்றால் அது என்ன மாவு?

வாரியைத் தரையில் போட்டு அளந்தாள். ஓவிலிருந்து சுவர் வரைக்கும் ஐந்து முழம். சுவர் ஒரு முழம். மீதி ஒரு முழமும் நாலு விரலும் அந்தப் பக்கம். கொல்லை வழியாகப் போய் அங்கேயும் அளந்தாள். வாரியின் நுனி தாணம்மாளின் மூடுகல் மேல் வந்து நின்றது. ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே கல்.

கம்பிப்பாரையால் கல்லை நெம்பித் தள்ளிக் கையை விட்டாள். இரு கையாலும் பிடித்து, சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தபோது அது வந்தது. தேங்காய் உரித்த மட்டையான கதம்பல், தண்ணீரில் ஊறி ஊறிப் பருத்து, குழாய்க்கு மூடிபோல் இறுகிப் போயிருந்தது. அதைச் சுற்றி ஒரு துணி. துணியை விரித்தாள். மூலையில் விளக்குச் சுட்ட ஓட்டை. ஓட்டையின் மேல் நீல நூலில் போட்ட ஒட்டுத்தையல்.

தையல் அவளுடையது. தாணம்மாளின் தலைப்பிள்ளையை முதல்முதலாக ஏந்த அவள் வாங்கிக் கொடுத்த நேரியல் துண்டு அது. குழாயில் தேங்கிக் கிடந்த நாலு மாதத்துத் தண்ணீர் மடமடவென்று ஓடிப்போய்க்கொண்டிருந்தது.

பிரசாதமாகக் கொடுத்த கோயில் மண்ணை இலையில் பொதிந்துகொண்டு தாணம்மாள் உள்ளே வந்தாள். கல்லைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள்.

"நான் வைக்கல்லக்கா. அவருதான்..."

"கதம்பல அவன் வச்சிருப்பான். நேரியலு ஒனக்க பெட்டியில இருந்துல்லா வந்திருக்கு. சாவி ஒனக்க இடுப்புலல்லா கெடக்கு."

தாணம்மாள் அழத் தொடங்கினாள். "பயலுக்குக் கல்யாணம் வருது. வீடு காணாது. கேட்டா நீ தரமாட்டேன்னு அவரு சொன்னாரு. வெறும் கதம்பல்னா நீ எப்பிடியும் குத்தி எடுத்திருவேன்னு தெரியும். அதான் துணி..."

"கேட்டிருந்தா தந்திருப்பேனே, பாவி!" என்றாள் பகவதியம்மாள். அது பொய்யில்லை. அதுதான் அவளைக் கொன்றது. என்ன செய்தால் அக்காள் தோற்பாள் என்று தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டால் அக்காள் என்ன செய்வாள் என்று மட்டும் தெரியவில்லை.

புதன்கிழமை ஆதாரம் எழுத அவள் போகவில்லை. அன்றைக்கு ஆட்டுக்கல்லை நிமிர்த்திப் போட்டு எட்டு நாழி அரிசி ஊறவைத்தாள்.

வியாழன் காலை, ஒன்றும் நடக்காததுபோல் கருப்பட்டிக் காப்பியோடு வந்து நின்றாள் தாணம்மாள். கண் மட்டும் வீங்கியிருந்தது. பகவதியம்மாள் டம்ளரை வாங்கினாள். அடுக்களை மூலைக்குப் போய், ஆவி பறக்கிற காப்பியை அப்படியே ஓவில் ஊற்றினாள். ஒரு சொட்டு நிற்காமல் இறங்கிப் போயிற்று. டம்ளரைக் கழுவித் தங்கை கையில் கொடுத்தாள்.

"ஒனக்க பக்கந்தான் வருது. போயிப் பாரு" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.