ஹீட்டர் அண்ணன்

ராஜபாண்டி தான் பார்த்துக்கொள்ளும் திராட்சைக் குளிர் அறைக்குள் நுழைந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் கதவு ஐந்து நொடிக்கு மேல் திறந்திருக்காது. வேறு யாராவது திறந்து போட்டால் தொலைந்தார்கள். “ஏலே, யாரு கதவத் தொறந்து போட்டது? ஐஸு குளிருனாலயா பிடிக்குது? வெளிய இருந்து வர்ற ஈரத்துலல்ல பிடிக்குது!” ஓடைப்பட்டியில் திராட்சைப் பெட்டி இறக்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் மணிக்கொரு தரம் அறையின் குளிர் எவ்வளவு என்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டில் எழுதிவிடுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து வேறொரு பதிவு தொடங்குகிறது. அதில் ஒரு விமானத்தின் எண், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். அவருக்குப் பதின்மூன்று வயது இளையவளான தங்கை ஹேமாவதி ஓட்டிப் போகும் விமானம். “பைலட்டோட அண்ணன்” என்று யாராவது சொன்னால் முகம் மலரும், ஆனாலும் திருத்துவார். “ரெண்டு பேரு ஓட்டுவாக. கேப்டன் இடது பக்கம், நம்ம பிள்ளை வலது பக்கத்துச் சீட்டு.”

போன பொங்கலுக்கு வந்தவளிடம், “அங்கன ஐஸு பிடிக்குமா?” என்று கேட்டதுதான் வினை. பெட்டி மேல் உட்கார்ந்து ஆசையாக விளக்கினாள். “அம்புட்டு உசரத்துல றெக்கையில ஒட்டாதுண்ணே. பெரிய இடிமேகத்துக்கு மேல பனி பொடிப்பொடியாப் பறக்கும், கோலமாவு கணக்கா. ராடார்லயும் சரியாத் தெரியாது. எஞ்சினுக்குள்ள போயி சூட்டுல உருகும், பெறகு உள்ளயே உறைஞ்சிரும். வேகம் பாக்குற குழாய் ஒண்ணு இருக்கு, விரல் தண்டி. அதையும் அடைச்சிரும். ஆனா அதுக்கு ஹீட்டர் இருக்கு. மேகத்தையே நாங்க சுத்தித்தான் போவோம்.”

கடைசி இரண்டு வாக்கியங்கள் அவர் காதில் தங்கவில்லை. உருகும், உள்ளேயே உறையும் என்றது தங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்த பனி அப்படிப்பட்டதுதான்.

மறுவாரம் விமானக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைத் தேடிப் பிடித்தார். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, எடுத்த பெண்ணிடம் சொன்னார்: “அம்மா, வேகம் பாக்குற குழாய்ல ஹீட்டர் சுடுதான்னு, கெளம்பு முன்ன ஒருதரம் கைய வச்சுப் பாக்கச் சொல்லுங்க. இங்கன ஐஸ உருக்குற ஹீட்டர் ஒண்ணுல லைட்டு எரிஞ்சுச்சு, சூடே இல்ல.” பெருமை தாங்காமல் தங்கையின் பெயரையும் சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் ஹேமாவதி கூப்பிட்டாள். “கைய வச்சா வெந்து போகும்ணே! ஆபீஸ்ல அம்புட்டுப் பேரும் ‘ஹீட்டர் அண்ணன் சௌக்கியமா’ன்னு கேக்குறாக. இனிமே யாருக்கும் போன் போடக்கூடாது. எறங்குனதும் நானே மெசேஜ் போடுறேன். சத்தியம் பண்ணு.” பண்ணினார்.

இந்த ஐப்பசியில் ஒரு நாள். வங்காள விரிகுடா முழுக்க மேகம் என்று காலைச் செய்தியிலேயே சொல்லிவிட்டார்கள். பத்து பத்துக்குச் சென்னையில் கிளம்பிய ஹேமாவதியின் விமானம் நம் நேரப்படி இரண்டு இருபதுக்குச் சிங்கப்பூரில் இறங்க வேண்டும். விமானம் போகும் வழியைக் காட்டும் கைபேசித் திரையில் நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு, அந்தமானைத் தாண்டியதும் தெற்கே வளைந்தது. வளைந்த இடத்தில் விமானக் குறி மறைந்தது.

கடலுக்கு மேல் அது அவ்வப்போது மறையும். நோட்டில் பன்னிரண்டு முறை அப்படி எழுதி வைத்திருக்கிறார். இருந்தும் இரண்டு இருபது ஆனது, இரண்டரை ஆனது. குறியும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. வாடிக்கையாளர் எண் வரைக்கும் விரல் போனது. சத்தியம் நினைவு வந்து திரும்பியது.

“என்னய்யா, கதவு ஆன்னு கெடக்கு?” திராட்சை தரம் பிரிக்கும் மொக்கம்மாள்தான். “எங்களை அந்த வைவு வைவ. இப்ப நீயே தொறந்து போட்டுட்டு நிக்கிறியே!”

திரும்பிப் பார்த்தார். குளிர் அறைக்குள் நுழைந்தபோது அவரே சாத்தாமல் விட்ட கதவு. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. மழை ஈரம் உள்ளே புகுந்து, மேலே ஓடும் செப்புக் குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் ஹீட்டர் உருக்கிவிடும். அவர் அமுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, வெறும் கையால் குழாயைப் பொத்திப் பிடித்தார்.

“பித்துப் பிடிச்சிருச்சா? கை மரத்துப் போகும்யா.”

“செத்த சும்மா இரு, ஆத்தா.”

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கைபேசி அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் படித்தார். ‘எறங்கிட்டேன்ணே. பெரிய மேகம், சுத்தி வந்தோம். அதான் லேட்டு.’ ஒருமுறை படித்தார். பிறகு மொக்கம்மாளுக்குக் கேட்கும்படி படித்தார்.

“அதான் எறங்கிட்டாள்ல. கைய எடு.”

அவர் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. குழாய் செம்பு நிறத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து கையை எடுத்தார்.

“அவ இன்னைக்கே திரும்பி வரணும்ல ஆத்தா” என்று சொல்லிவிட்டு, அடுத்த குழாயைப் பிடித்தார்.