குளிர விட்ட முட்டைகள்

என் நாத்தனாருக்கு யாராவது குளிரில் இருந்தால் பொறுக்காது. என் தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறியைக்கூடக் கேட்காமல் நிறுத்திவிட்டுப் போவாள். வேலையும் அதற்கேற்ற மாதிரிதான் அமைந்தது: விலங்குக் காட்சிச்சாலையில் ஆமை முட்டைகள் பொரிக்கும் அறையைப் பார்த்துக்கொள்வது. ஈர மணல் நிரப்பிய பெட்டிகள், வெப்பமானி, ஒரு ஹீட்டர். அது போதாதென்று, பெட்டிக்கு ஒரு குண்டு பல்பை இவளாகவே தொங்கவிட்டிருந்தாள்.

ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்று சின்னதில் தெரியாது. வளர்ந்து வால் நீண்டால்தான் ஆண். இவள் பொரித்தெடுத்தவை வளர்ந்த பிறகு பார்த்தால் அத்தனையும் பெண். அங்கிருந்த ஒரே ஆணுக்குக் கிழவன் என்று பெயர். கிழவனும் ஒருநாள் கண்ணை மூடிவிட்டான். அந்த இனத்தில் வேறு ஆண் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவனுடைய கடைசி முட்டைகள் மட்டும் இவள் அறையில் இருந்தன.

புதிதாக வந்த டாக்டரம்மா நுழைந்ததும் பல்பைத்தான் பார்த்தார்.

"இதை யார் மாட்டினது?"

"நான்தாம்மா. பாவம், குளிருமேன்னு..."

"அங்கதான் வினையே. முட்டைக்குள்ள இருக்கறப்ப படுற சூட்டை வச்சுத்தான் ஆமை ஆணா பெண்ணான்னு முடிவாகுது. சூடு ஏறினா பெண்ணு. ரெண்டு மூணு டிகிரி குறைஞ்சா ஆணு. முதல்ல கழட்டுங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவே இல்லை. "அது எப்படி அண்ணி? அதே முட்டைதானே! ரெண்டு டிகிரியில பிள்ளையே மாறிடுமா? எப்ப முடிவு பண்ணும் அது?" என்று என்னைத் துளைத்தெடுத்தாள்.

"நான் என்ன ஆமையா? போய் அந்தம்மாவைக் கேளு."

கேட்டும்விட்டாள். முட்டை வைத்ததும் இல்லையாம், பொரியும்போதும் இல்லையாம், நடுவில் சில வாரங்களில்தான் முடிவாகுமாம். அந்த வாரங்களில் அவளுக்கு உயிரே இல்லை. பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். இரண்டு முட்டைகள் கெட்டுப்போயின. டாக்டரம்மாவோடு சண்டை, என்னோடு சண்டை. பல்பை மட்டும் திரும்ப மாட்டவில்லை.

குஞ்சுகள் பொரிந்ததும் தெரிந்துவிட்டதா? எங்கே! வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தோம். எனக்கே ஆர்வம் தாங்காமல், போகும்போதெல்லாம் வாலைக் குனிந்து பார்ப்பேன்.

கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ஆண்தான். சந்தேகமே இல்ல."

இவள் குதிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அதை மடியில் வாங்கிக்கொண்டு, ஓட்டைத் தடவிக்கொண்டே அழுதாள்.

"ரொம்பக் குளுந்துச்சாடா?" என்று கேட்டாள்.